கம்ப்ரசர் மூடியைத் திறக்கும் முன்...

மான்குர்த் ரெயில் நிலையத்தில் பொழுது விடியும் முன்பே கூட்டம் தொடங்கிவிடும். தோளில் ஒரு பை. பைக்குள் சாப்பாட்டு டப்பா. சட்டைப் பையில் கேட் பாஸ். டிராம்பே, மாகுல், செம்பூர் பக்கத்து ஆலைகளுக்கு முதல் ஷிப்டு வேலைக்குப் போகிறவர்கள் இவர்கள். இவர்களில் நம்மவர்களும் நிறையப் பேர்.

1992-ம் ஆண்டு வரை துறைமுக ரெயில் பாதை மான்குர்த்தோடு முடிந்தது. அந்த ஆண்டுதான் கழிமுகத்தைத் தாண்டி வாஷிக்கு ரெயில் போனது. அதற்கு முன்பே இந்த வட்டாரத்தில் பெரிய ஆலைகள் எழும்பிவிட்டன. 1954, 1955-ம் ஆண்டுகளில் இரண்டு எண்ணெய் சுத்திகரிப்பு ஆலைகள் வந்தன. 1965-ல் டிராம்பே உரத் தொழிற்சாலை உற்பத்தியைத் தொடங்கியது. பக்கத்திலேயே பாபா அணு ஆராய்ச்சி மையம்.

ஆலை வந்த இடத்துக்கு ஆட்களும் வந்தார்கள். நெல்லைச் சீமையில் இருந்தும், சேலம், வடஆற்காடு பக்கத்தில் இருந்தும் வந்தவர்கள் பலர். அணு ஆராய்ச்சி மையத்தை ஒட்டியிருந்த ஜனதா காலனி 1976-ல் அப்புறப்படுத்தப்பட்டபோது, அங்கிருந்த மக்கள் சீத்தா கேம்ப்புக்குக் கொண்டுவரப்பட்டார்கள். அவர்களில் தமிழர்கள் கணிசமானவர்கள். மான்குர்த், கோவண்டி, சீத்தா கேம்ப் பகுதிகளில் வீட்டுக்கு வீடு ஒரு ஃபிட்டரோ, ஒரு வெல்டரோ, ஒரு ஹெல்பரோ இருந்த காலம் உண்டு.

இவர்கள் கையாளும் எந்திரங்களில் ஒன்று, கியாஸ் கம்ப்ரசர். வெளியில் இருந்து பார்த்தால் வெறும் இரும்பு மலை. ஆனால் அதன் உயிர் ஒரு சாப்பாட்டுத் தட்டை விடச் சிறிய உறுப்பில் இருக்கிறது. அதன் பெயர் வால்வு. அதைக் கழற்றிச் சுத்தம் செய்து மாட்டுவது ஒரு கலை. மாட்டுவதில் தவறினால் எந்திரம் போகும். கழற்றுவதில் தவறினால் ஆளே போய்விடலாம்.

எங்கெல்லாம் கம்ப்ரசர்?

கியாசை அழுத்திச் சிறு இடத்தில் அடைப்பதுதான் கம்ப்ரசரின் வேலை. ஆட்டோவுக்கும் டாக்சிக்கும் போடும் சி.என்.ஜி. கியாசைச் சுமார் 200 மடங்கு காற்றழுத்தத்துக்கு ஏற்றித்தான் நிரப்புகிறார்கள். அதை ஏற்றுவது பம்ப்புக்குப் பின்னால் ஒரு கூண்டுக்குள் ஓடிக்கொண்டிருக்கும் கம்ப்ரசர். மும்பையில் இந்த கியாசை வழங்கும் மகாநகர் கியாஸ் நிறுவனம் 1995-ல் தொடங்கப்பட்டது.

உரத்துக்கு வேண்டிய அமோனியா செய்யவும் கம்ப்ரசர் வேண்டும். நைட்ரஜனையும் ஹைட்ரஜனையும் 100 மடங்கு காற்றழுத்தத்துக்கு மேல் கொண்டு போனால்தான் இரண்டும் சேரும். எண்ணெய் ஆலையில் டீசலில் உள்ள கந்தகத்தை நீக்க ஹைட்ரஜன் வேண்டும். அதை அழுத்தி அனுப்புவதும் கம்ப்ரசர்தான். ஐஸ் தொழிற்சாலையில், ஆக்சிஜன் நிரப்பும் இடத்தில், பஞ்சர் கடையில் கூட இதன் தம்பிமார் இருக்கிறார்கள்.

அடிபம்பும் ஃபுட் வால்வும்

ஊரில் அடிபம்பு அடித்தவர்களுக்கு வால்வைப் பற்றி அதிகம் விளக்க வேண்டியதில்லை. பிடியைத் தூக்கினால் தண்ணீர் உள்ளே வரும். அமுக்கினால் வெளியே வரும். வந்த தண்ணீர் திரும்பிப் போகாமல் தடுப்பது உள்ளே இருக்கும் தோல் வாஷர். வாஷர் தேய்ந்தால் எவ்வளவு அடித்தாலும் தண்ணீர் வராது. கிணற்று மோட்டாரில் ஃபுட் வால்வு பழுதானால் என்ன பாடு என்பது விவசாயிக்குத் தெரியும்.

கம்ப்ரசரிலும் அதே கதைதான். சிலிண்டருக்குள் பிஸ்டன் முன்னும் பின்னும் போகிறது. பின்வாங்கும்போது உறிஞ்சும் வால்வு திறந்து கியாஸ் உள்ளே வருகிறது. முன்னேறும்போது அது மூடிக்கொள்கிறது. உள்ளே அழுத்தம் ஏறியதும் வெளியேற்றும் வால்வு திறந்து கியாஸ் குழாய்க்குப் போகிறது. பெரிய எந்திரங்களில் பிஸ்டனின் இரண்டு பக்கமும் இந்த வேலை நடக்கும்.

கார் என்ஜினில் வால்வைத் திறக்கத் தனியாக ஒரு தண்டு உண்டு. இதில் அப்படி எதுவும் கிடையாது. இரு பக்க அழுத்தத்தின் வித்தியாசமே வால்வைத் திறக்கிறது. ஸ்பிரிங் அதை மூட உதவுகிறது. அவ்வளவுதான்.

உறுப்புகளும் அதிகம் இல்லை. கீழே துளைகள் கொண்ட சீட். அதன் மேல் மெல்லிய தகடு. தகட்டுக்கு மேல் ஸ்பிரிங்குகள். அவற்றைப் பிடித்துக்கொள்ள கார்டு. எல்லாவற்றையும் சேர்த்து இறுக்க நடுவில் ஒரு போல்ட்டு. தகடு எழும்புவது சில மில்லி மீட்டர் உயரம் மட்டுமே.

ஆனால் அந்தத் தகட்டின் உழைப்பைக் கணக்கிட்டால் தலை சுற்றும். நிமிடத்துக்கு 750 சுற்று ஓடும் எந்திரத்தில் தகடு நிமிடத்துக்கு 750 தடவை திறந்து மூட வேண்டும். ஒரு மணி நேரத்தில் 45 ஆயிரம் தடவை. ஒரு நாளில் 10 லட்சத்து 80 ஆயிரம் தடவை. 8 ஆயிரம் மணி நேரம் ஓடினால் 36 கோடி தடவை! இத்தனையும் சுடு கியாசுக்கு நடுவே.

வானத்தில் தோற்றவர்

ஒரு காலத்தில் காற்று ஊதும் எந்திரங்களிலும் தோல் மடிப்புகளே வால்வாக இருந்தன. எந்திரத்தின் வேகம் கூடக்கூட அவை கிழிந்தன. ஆஸ்திரிய நாட்டு என்ஜினீயர் ஹான்ஸ் ஹோர்பிகர் என்பவர் எஃகுத் தகட்டை வால்வாக அமைக்கும் வழியைக் கண்டுபிடித்தார். 1895-ல் அதற்குக் காப்புரிமை பெற்றார். அதன் பிறகு கம்ப்ரசர்கள் வேகமாக ஓடத் தொடங்கின. அவர் பெயரில் உள்ள நிறுவனம் இன்றும் உலகெங்கும் வால்வு விற்கிறது.

அதே மனிதர் வானத்தையும் ஆராய்ந்தார். சந்திரன் பனிக்கட்டியால் மூடப்பட்டது என்றார். நட்சத்திர மண்டலமே பனிக்கட்டியால் நிறைந்தது என்று 1913-ல் புத்தகமும் வெளியிட்டார். விஞ்ஞானிகள் அதை ஏற்கவில்லை. வானத்தைப் பற்றி அவர் சொன்னது பொய்த்தது. ஆனால் அவர் செய்த தகடு இன்றும் அடித்துக்கொண்டிருக்கிறது.

நோய் கண்டுபிடிப்பது எப்படி?

கம்ப்ரசர் திட்டமிடாமல் நிற்பதற்கு முதல் காரணம் வால்வு பழுதுதான் என்பது இந்தத் தொழிலில் உள்ளவர்கள் அறிந்த உண்மை. கியாசோடு வரும் துரு, வெல்டிங் பொடி, தண்ணீர்த் துளி எல்லாம் தகட்டுக்கு எதிரிகள். அளவுக்கு மேல் விடப்பட்ட ஆயிலும் எதிரிதான். அது கருகிக் கரியாகி, தகட்டை ஒட்ட வைத்துவிடும்.

டாக்டர் நாடி பார்ப்பது போல் அனுபவசாலியான ஃபிட்டர் எந்திரத்தின் சூட்டைப் பார்ப்பார். உறிஞ்சும் வால்வு ஒழுகினால், அழுத்தப்பட்ட சுடு கியாஸ் திரும்பி வரும். அந்த வால்வின் மூடி மட்டும் பக்கத்து மூடியை விட அதிகம் சுடும். வெளியேற்றும் வால்வு ஒழுகினால், வெளியே போன சுடு கியாஸ் மறுபடி சிலிண்டருக்குள் வந்து மறுபடி அழுத்தப்படும். வெளியேறும் குழாயின் வெப்பம் ஏறிக்கொண்டே போகும்.

வெப்பம் எவ்வளவு இருக்கலாம்? 35 டிகிரி சூட்டில் உள்ளே வரும் காற்றை மூன்று மடங்கு அழுத்தினால் அது சுமார் 150 டிகிரிக்குப் போய்விடும். அதற்கு மேல் ஏறினால் ஆயில் கெடும், வால்வு கெடும். ஹைட்ரஜன் மிகுந்த கியாசுக்கு 135 டிகிரியே எல்லை என்பது சர்வதேச விதி.

அடுத்தது அழுத்த மானி. இரண்டு கட்டமாக அழுத்தும் எந்திரத்தில், நடுவில் உள்ள மானி காட்டிக் கொடுத்துவிடும். அங்கே அழுத்தம் வழக்கத்தை விடக் குறைந்தால் முதல் கட்ட வால்வைச் சந்தேகிக்க வேண்டும். கூடினால் இரண்டாம் கட்ட வால்வைப் பார்க்க வேண்டும். இதற்கு மேல் காது. சீராக ஓடும் எந்திரத்தில் தாளம் தப்பினால், தூரத்தில் இருந்தே தெரிந்துகொள்வார்கள் பழைய ஆட்கள்.

நட்டைக் கழற்றாதே, தளர்த்து!

எந்திரத்தை நிறுத்தியதும் ஸ்பேனரை எடுப்பவன் ஆபத்தை விலை கொடுத்து வாங்குகிறான். நிறுத்திய எந்திரத்துக்குள்ளும் கியாஸ் இருக்கும்.

15 செ.மீ. குறுக்களவுள்ள ஒரு வால்வு மூடியை எடுத்துக்கொள்வோம். அதன் பரப்பு சுமார் 177 சதுர செ.மீ. உள்ளே சதுர செ.மீ.க்கு 30 கிலோ அழுத்தம் இருந்தால், மூடியைத் தள்ளும் விசை 5 டன்னுக்கு மேல். சரி, கியாசை வெளியேற்றியாகிவிட்டது, மிச்சம் ஒரே ஒரு கிலோ அழுத்தம்தான் என்றாலும் 177 கிலோ. இரண்டு ஆட்களின் எடைக்கு மேல் ஒரு விசை, அந்த மூடியின் பின்னால் ஒளிந்து நிற்கிறது. மானியின் முள்ளோ ஏறக்குறைய பூஜ்யத்தில் நிற்பதாகத்தான் கண்ணுக்குத் தெரியும்.

ஆகவே முறை உண்டு. மின் இணைப்பைத் துண்டித்து, சுவிட்சைப் பூட்டி, சாவியை வேலை செய்கிறவர் தன் பையில் வைத்துக்கொள்ள வேண்டும். குழாய் வால்வுகளை அடைத்தால் மட்டும் போதாது. குழாய்க்கு நடுவே இரும்புத் தகடு வைத்து மறிக்க வேண்டும். உள்ளே உள்ள கியாசை வெளியேற்றி, எரியும் கியாசாக இருந்தால் நைட்ரஜன் விட்டுத் துடைக்க வேண்டும். பிறகு கியாஸ் இல்லை என்று மீட்டர் வைத்துப் பார்க்க வேண்டும். எங்காவது மிச்சம் கியாஸ் கசிந்து பிஸ்டனைத் தள்ளினால் எந்திரம் தானே அரைச் சுற்று சுற்றும். உள்ளே கை இருந்தால் கை போய்விடும். அதனால் பிளைவீலையும் அசையாமல் பூட்டுவார்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் மூடியின் நட்டுகளை ஒரேயடியாகக் கழற்றக் கூடாது. எல்லா நட்டையும் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தி, நட்டுகள் ஸ்டட்டில் இருக்கும்போதே மூடியை நெம்பி அசைக்க வேண்டும். உள்ளே அழுத்தம் இருந்தால் அந்த இடுக்கு வழியாகச் சீறிப் போய்விடும். மூடி பறக்காது. முகத்தை மூடிக்கு நேராக வைக்கக் கூடாது. இந்த ஒரு பழக்கத்தால் பிழைத்தவர்கள் எத்தனையோ பேர்.

சிலிண்டரின் அடிப்பக்கத்தில் உள்ள வால்வுகளில் இன்னொரு எச்சரிக்கை. மூடியை எடுத்ததும் பல கிலோ எடையுள்ள வால்வு கை மேலேயே விழலாம். தாங்குகட்டை வைக்காமல் தொடக் கூடாது.

உடைந்த துண்டு எங்கே?

வெளியே எடுத்த வால்வில் தகடு உடைந்திருந்தால், புதுத் தகடு போடும் முன் செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. உடைந்த துண்டுகளை ஒரு தட்டில் அடுக்கி முழுத் தகடாகச் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஒரு சில்லு குறைந்தாலும் அது சிலிண்டருக்குள் இருக்கிறது என்று பொருள். தேடாமல் மூடினால் பிஸ்டனும் சிலிண்டரின் உட்சுவரும் கோடு கோடாகக் கிழிந்துவிடும்.

பிறகு சுத்தம். கரியைச் சுரண்ட உளியோ ரம்பத் துண்டோ கூடாது. சீட்டின் முகத்தில் விழும் ஒரு கீறல், ஒழுகும் வழியாகிவிடும். சீட் தேய்ந்திருந்தால் சமதளமான இரும்புப் பலகை மேல் அரைப்புப் பசை தடவி, எட்டு எழுதுவது போல் சுழற்றித் தேய்ப்பார்கள். முகம் முழுதும் ஒரே சாம்பல் நிறம் வரும் வரை தேய்க்க வேண்டும். அவசரப்பட்டால் ஒரு பக்கம் பள்ளமாகும்.

ஸ்பிரிங் விஷயத்தில் சிக்கனம் பார்ப்பது நஷ்டம். ஒன்று உடைந்தால் எல்லாவற்றையும் மாற்ற வேண்டும். பழையதும் புதியதும் கலந்தால் தகடு சாய்ந்து விழும், ஓரம் உடையும். மண்டாலா பக்கத்துப் பழைய இரும்புக் கடைகளில் பார்வைக்கு அதே மாதிரி ஸ்பிரிங் கிடைக்கலாம். அதன் விறைப்பு வேறாக இருக்கும். வால்வுக்கு அது விஷம்.

கோத்து முடித்த வால்வில் மண்எண்ணெய் ஊற்றிப் பார்ப்பது பழைய சோதனை. சொட்டுச் சொட்டாகக் கசிந்தால் பாதகம் இல்லை. ஓடையாக ஒழுகினால் மறுபடி தேய்க்க வேண்டும். ஆனால் ஆக்சிஜன் கம்ப்ரசரில் இந்தச் சோதனை கூடவே கூடாது. ஆக்சிஜனும் எண்ணெய்ப் பசையும் சேர்ந்தால் தீ. அங்கே எண்ணெய் பட்ட கையுறையோடு வால்வைத் தொடுவதே குற்றம்.

வலது இடது மாறினால்...

எல்லாவற்றிலும் பெரிய தவறு ஒன்று உண்டு. உறிஞ்சும் வால்வை வெளியேற்றும் துளையில் மாட்டிவிடுவது.

அப்படி மாட்டினால் என்ன ஆகும்? பிஸ்டன் பின்வாங்கும்போது, வெளியேறிய உயர் அழுத்த கியாஸ் அந்த வால்வு வழியாகவே திரும்ப உள்ளே வரும். பிஸ்டன் முன்னேறும்போது அதே வால்வு இறுக மூடிக்கொள்ளும். கியாசுக்கு வெளியே போக வழி இல்லை. அழுத்தம் எல்லை மீறி ஏறும். பிஸ்டன் தண்டு வளையலாம். ஸ்டட்டுகள் அறுந்து சிலிண்டர் தலையே பிளந்து பறக்கலாம். முதல் சில சுற்றுகளிலேயே எல்லாம் முடிந்துவிடும்.

இரண்டு வால்வும் பார்வைக்கு அண்ணன் தம்பி போல இருக்கும். புதிய எந்திரங்களில் ஒன்றின் இடத்தில் மற்றது பொருந்தாதபடி அமைக்கிறார்கள். பழைய எந்திரங்களில் அந்தக் காவல் இல்லாமலும் இருக்கலாம். ஆகவே மாட்டும் முன் ஒரு மரக்குச்சியால் தகட்டைத் தள்ளிப் பார்ப்பது வழக்கம். சிலிண்டரை நோக்கித் திறந்தால் அது உறிஞ்சும் வால்வு. சிலிண்டரை விட்டு விலகித் திறந்தால் அது வெளியேற்றும் வால்வு. இரண்டு பேர் தனித்தனியாகப் பார்த்துச் சொல்ல வேண்டும். அரை நிமிட வேலை!

தலையை மூடும் வேலை

சிலிண்டர் தலைக்கும் இதே மரியாதை வேண்டும். தலைக்குள் குளிர்விக்கும் தண்ணீர் ஓடும். அந்த வழியில் உப்புப் படிந்தால் சூடு இறங்காது. வெடிப்பு இருக்கிறதா என்று பார்க்கச் சிவப்புச் சாயம் தடவி, துடைத்து, மேலே வெள்ளை மருந்து அடிப்பார்கள். வெடிப்பு இருந்தால் வெள்ளையில் சிவப்புக் கோடு எழும்பும். முடி அளவுக் கோடு என்றாலும் தலையைத் தனியே வைத்துவிட வேண்டும்.

பழைய கேஸ்கட்டைத் திரும்பப் போடக் கூடாது. நட்டுகளைப் பக்கத்தில் பக்கத்தில் இறுக்காமல் எதிரும் புதிருமாக, மூன்று தவணையில் இறுக்க வேண்டும். கேஸ்கட்டின் கனம் மாறினால் பிஸ்டனுக்கும் தலைக்கும் இடையே உள்ள இடைவெளியும் மாறும். அதை அறிய மெல்லிய ஈயக்கம்பியை உள்ளே விட்டு, எந்திரத்தைக் கையால் ஒரு சுற்றுச் சுற்றுவார்கள். நசுங்கிய கம்பியின் கனம்தான் இடைவெளி. கையால் முழுச் சுற்று தடையின்றி வந்த பிறகே மோட்டாரைத் தொட வேண்டும்.

யாருக்குத் தெரிய வேண்டும்?

இந்த விதிகள் எல்லாம் கையேட்டில் இருக்கின்றன. கையேடு ஆங்கிலத்தில் இருக்கிறது. ஸ்பேனர் பிடிப்பவர்களில் பலருக்கு அது எட்டாத மொழி. நிரந்தரத் தொழிலாளர்கள் நிறைந்திருந்த நாளில், மூத்த ஃபிட்டர் ஒருவர் இளையவனைப் பக்கத்தில் நிறுத்திப் பல ஆண்டுகள் சொல்லிக் கொடுப்பார். அண்ணாச்சி கை பார்த்தே தம்பி கற்றுக்கொண்டான். இன்று ஆலையை நிறுத்திப் பழுது பார்க்கும் சில வாரங்களுக்கு ஒப்பந்தக்காரர் ஆட்களைக் கூட்டி வருகிறார். நேற்று வேறு ஆலை, இன்று இந்த ஆலை. இரவு பகலாக வேலை. சீக்கிரம் முடி என்ற நெருக்கடி. சொல்லிக் கொடுக்க ஆளும் இல்லை, நேரமும் இல்லை.

கம்ப்ரசர் கூடம் விளையாட்டு இடம் அல்ல என்பதை இந்த வட்டாரம் கண்ணால் கண்டிருக்கிறது. 2018-ம் ஆண்டு ஆகஸ்டு 8-ந் தேதி பிற்பகலில், மாகுலில் உள்ள பாரத் பெட்ரோலியம் ஆலையின் ஹைட்ரோகிராக்கர் பிரிவில், கம்ப்ரசர் கூடத்தில் தீப்பிடித்தது. 40-க்கும் மேற்பட்டவர்கள் காயம் அடைந்தார்கள். அன்று மாலை எத்தனை வீடுகளில் அடுப்பு எரியாமல் செல்போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள்!

1984-ல் போபாலில் விஷவாயு ஆயிரக்கணக்கான உயிர்களைக் குடித்தது. அதன் பிறகு 1987-ல் தொழிற்சாலைச் சட்டம் திருத்தப்பட்டது. உயிருக்கு உடனடி ஆபத்து என்று கருதினால் அதை நிர்வாகத்துக்கு எடுத்துச் சொல்லும் உரிமை தொழிலாளிக்கு உண்டு என்று அதில் சேர்த்தார்கள். ஆனால் எது ஆபத்து என்று தெரிந்தவன்தான் எடுத்துச் சொல்ல முடியும். குழாயை மறிக்கும் தகடு வைக்கப்படவில்லை என்பதைக் கவனித்தவன்தான் நிறுத்து என்று சொல்வான். கவனிக்கத் தெரியாதவனுக்கு உரிமை இருந்தும் பயன் இல்லை.

செய்யக்கூடிய காரியம் பெரிதல்ல. மூடியைத் திறக்கும் முன் பார்க்க வேண்டியவை ஐந்தாறுதான். அவற்றைத் தமிழிலும், இந்தியிலும், மராத்தியிலும் ஒரு தகரப் பலகையில் எழுதிக் கம்ப்ரசர் கூடத்து வாசலில் மாட்டலாம். வேலை தொடங்கும் முன் ஒருவர் உரக்கப் படித்தால் எழுத்து தெரியாதவரும் கேட்டுக்கொள்வார். ஓய்வு பெற்ற ஃபிட்டர்கள் மான்குர்த்திலும் செம்பூரிலும் இருக்கிறார்கள். தமிழ்ச் சங்கங்கள் ஞாயிற்றுக்கிழமையில் ஒரு மணி நேரம் ஒதுக்கி, ஐ.டி.ஐ. படிக்கும் பிள்ளைகளையும் ஒப்பந்த வேலைக்குப் போகும் இளைஞர்களையும் அவர்கள் முன் உட்கார வைக்கலாம். ஒரு பழைய வால்வும், ஒரு மரக்குச்சியும், ஒரு கிண்ணம் மண்எண்ணெயும் போதும்.

பாடம் முடிந்ததும் எந்தப் பக்கம் திறக்கும் வால்வு எது என்று ஒவ்வொருவராகத் தள்ளிப் பார்த்துச் சொல்லட்டும். தவறாகச் சொல்பவர் அங்கே சொல்லட்டும். ஆலையில் அதற்கு இடம் இல்லை.